எத்தனை டன்?

டன் என்றால் எங்கள் பக்கத்தில் கரும்பு, அல்லது கல். முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகிற லாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பதினாறு டன் தேறும்” என்று டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே மதிப்புச் சொல்லக்கூடிய நிபுணர்கள் செஞ்சி வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரன் ஓர் அறைக்கு ஏ.ஸி. வாங்கப் புறப்பட்டால், முதல் கேள்வியே “எத்தனை டன்?” என்று வந்து நிற்கிறது. பெட்டியின் எடையா? இல்லை, அதை இரண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே வீசுகிற காற்றின் எடையா? அதுவும் இல்லை. பின் எதைத்தான் டன் கணக்கில் வாங்குகிறோம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் எனக்கு ஒரு கோடைகாலத்தின் முன்பகுதி கழிந்தது. கதை எழுதுகிறவனுக்கு இது வேண்டாத வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அந்த அறையில் படுக்க வேண்டியவர் என் தாயார்.

எங்கள் ஊர் வல்லம். தஞ்சாவூருக்குப் பக்கத்திலுள்ள வல்லம் என்று வாசகர்கள் எண்ணிக்கொள்ள வேண்டாம். இது செஞ்சிச் சீமை வல்லம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தார்கள் அல்லவா? அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது எங்கள் செஞ்சி. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கு மதிப்பு உயர்ந்திருக்கிறது. சென்னைச் சிநேகிதர்கள் கோட்டை பார்க்க வருகிறேன் என்று கடிதம் எழுதுகிறார்கள். மார்கழியில் வாருங்கள் என்று பதில் எழுதிவிடுவேன். சித்திரையில் வந்தால் ராஜகிரியின் பாறைகள் அவர்களோடு பேசும் பாஷையே வேறு. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மெல்ல மெல்ல அதை வெளியே விடுகிற குணம் கருங்கல்லுக்கு உண்டு. ராத்திரி பத்து மணிக்கும் கை வைத்தால் சுடும்.

கான்கிரீட் கூரைக்கும் அதே குணம்தான். அதுவும் ஒரு வகைக் கல் அல்லவா? என் தகப்பனார் காலத்தில் எங்களுடையது நாட்டு ஓட்டு வீடு. ஓடு மாற்றுகிற ஆட்கள் அருகிப்போனதால், ஊரில் எல்லாரையும் போல நாங்களும் தளம் போட்டோம். மழைக்கு ஒழுகுவதில்லை, குரங்கு ஏறினாலும் பயமில்லை. ஆனால் ஓடு மாலை ஆறு மணிக்கே ஆறிவிடும். தளம் ஆறுவதற்கு விடியற்காலை ஆகிறது. அது ஆறி முடிப்பதற்குள் மறுநாள் சூரியன் வந்துவிடுகிறான்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பகல் வெயிலை அவர் பொருட்படுத்துவதில்லை. பிறந்தது முதல் பழகிய வெயில். தூங்க முடியாத ராத்திரிதான் அவரை வாட்டியது. அடுத்தடுத்து நான்கு இரவு தூக்கமில்லாமல், ஐந்தாம் நாள் காலையில் கிணற்றடிக்குப் போகிற வழியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை. “ராத்திரியில் உடம்பு குளிர வேண்டும், அதற்கு வழி பண்ணுங்கள்” என்றார். தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்ததைப் பத்திரிகையில் படித்தபோது புயல், வெள்ளத்தோடு வெயிலையும் சேர்க்கிறார்களே என்று தோன்றியது. அம்மா கிணற்றடியில் உட்கார்ந்திருந்த அன்று அந்தச் சொல்லின் பொருள் நன்றாகவே விளங்கியது.

ஆக, வாங்குவது என்று முடிவாயிற்று. எத்தனை டன்?

செஞ்சியில் ஒரு கடைக்காரர், அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று கேட்டதுமே, “மேல் தளம் இல்லாத வீடா? கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு டன் போடுங்க சார். பெரிசா இருந்தா சீக்கிரம் குளிரும்” என்றார். என் மைத்துனர் எதிலும் நடுவழிக்காரர். “ஒன்றரை போதும் மாமா. ஊரே ஒன்றரைதான் போட்டிருக்கு” என்றார். அம்மாவுக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான்: “கரண்டு பில்லு எவ்வளவுடா வரும்?” கோடையிலும் இரண்டு மாதத்துக்கு முந்நூறு யூனிட்டைத் தாண்டாதபடி விளக்கை அணைத்து அணைத்துக் காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பத் தலைவி அவர். முதல் நூறு யூனிட் இலவசம் என்பதும், ஐந்நூறைத் தாண்டினால் கணக்கு வேறு கட்டத்துக்கு ஏறிவிடும் என்பதும் அவருக்கு மனப்பாடம்.

இந்த நிலையில்தான் என் சிநேகிதர் ஒருவரை வரவழைத்தேன். ரயில்வேயில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பராமரித்து, ஓய்வு பெற்றவர். வந்தவர் அறைக்குள் போகவே இல்லை. மாலை நான்கு மணி வெயிலில் மொட்டைமாடியில் ஏறி நின்றுகொண்டார். பிறகு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜன்னல் எந்தத் திசை, கதவிடுக்கு எவ்வளவு, எத்தனை பேர் படுப்பார்கள் என்று கேட்டார்.

“டன்னைப் பத்திக் கடைசியில பேசலாங்க. சூடு எந்த வழியா உள்ளே வருதுன்னு முதல்ல பார்ப்போம்” என்றார்.

அவர் சொல்லித்தான் டன்னின் கதை எனக்குத் தெரிந்தது. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, 1897-ல் சுவாமிகள் தங்கியிருந்த கட்டடம், அதை இன்றைக்கும் ஜனங்கள் ஐஸ் ஹவுஸ் என்றுதானே சொல்கிறார்கள்? பிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரிக்காக 1840-களில் எழுந்த பனிக்கட்டிக் கிடங்கு அது. மாஸசூஸெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்தபின், அந்தப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பினார்கள். 1833-ல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதப் பிரயாணத்தில் கரைந்தது போக 100 டன் போல வந்து சேர்ந்தது. பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து வந்த சரக்கு! பின்னால் இயந்திரங்கள் வந்தன. அவற்றின் சக்தியை எப்படிச் சொல்வது? அமெரிக்கர்கள் தங்களுக்குப் பழகிய பனிக்கட்டியை வைத்தே சொன்னார்கள். அவர்கள் டன்னுக்கு 2,000 பவுண்டு. நம் கணக்கில் 907 கிலோ. அவ்வளவு பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் கரையும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுகிற இயந்திரம் ஒரு டன் இயந்திரம். மணிக்கு 12,000 பி.டி.யு. என்று எழுதியிருப்பார்கள், வாட் கணக்கில் 3,500 சொச்சம்.

ஆக, கடைக்காரர் சொன்ன இரண்டு டன் என்பது, ஆயிரத்து எண்ணூறு கிலோ பனிக்கட்டியை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாளில் கரைப்பதற்குச் சமம்! நினைக்கும்போதே எனக்கு ஜலதோஷம் பிடிக்கும்போல் இருந்தது.

“பெரிசா இருந்தா நல்லதுதானே?” என்று மைத்துனருக்காக நான் கேட்டேன்.

சிநேகிதர் திரும்பிக் கேட்டார்: “உங்க கிணத்துல ஊத்து கம்மி. பத்துக் குதிரைச் சக்தி மோட்டார் போட்டா என்ன ஆகும்?”

என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பத்து நிமிஷத்தில் தண்ணீர் அடியில் போய்விடும். மோட்டாரை நிறுத்த வேண்டும். ஊறியதும் மறுபடி போட வேண்டும். போட்டுப் போட்டு நிறுத்துவதில் மோட்டாரும் கெடும், கரண்டும் பாழ். அறைக்குப் பொருந்தாத பெரிய இயந்திரமும் அப்படித்தானாம். காற்றைச் சடக்கென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வடிப்பதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் அதற்குக் கிடைப்பதில்லை. அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். மூட்டு வலிக்காரர்களுக்கு இதைவிட வேறு விரோதி வேண்டாம். இன்வர்ட்டர் என்று இப்போது வருகிற வகை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்றாலும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. மூட்டைத் தூக்குகிறவனை முறத்தால் புடைக்கச் சொல்கிற மாதிரி.

ஈரத்தை எடுப்பதற்காகத்தான் இந்த யந்திரமே பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகம். கோடையின் ஈரக் காற்றில் காகிதம் உப்பும். ஒரு வண்ணத்தின் மேல் மறு வண்ணம் சரியாக உட்காராது. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தக் கண்ட வழிதான் இன்றைய ஏ.ஸி. மனிதர்கள் வியர்ப்பதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை; காகிதம் வியர்ப்பதுதான் கவலை. எழுத்தாளனைவிட அவன் புத்தகத்துக்குச் சௌகரியம் முந்திக் கிடைத்திருக்கிறது!

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் சிநேகிதர் எழுதினார். இது உச்ச வெயிலில் மாலை நான்கு மணிக் கணக்கு, ஏறத்தாழ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தளத்தின் வழியே 1,500 வாட். மேற்குச் சுவர் 600. மேற்கு ஜன்னலில் நேரே விழும் வெயில் 700. மற்றச் சுவர்கள் 400. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக வரும் வெளிக்காற்றும் அதன் ஈரமும் 400. மனிதன் தூங்கும்போதும் ஓர் எழுபத்தைந்து வாட் விளக்கைப் போலச் சூடு விட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டு பேர், ஒரு பழைய மின்விசிறி, விளக்கு, எல்லாம் சேர்த்து 250. மொத்தம் 3,850 வாட். ஒரு டன்னைத் தாண்டிவிட்டது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் சக்தி, வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்துப் பார்த்தது. நம் மே மாதத்து 41, 42 டிகிரியில் அதுவும் குறையும். ஆகவே மைத்துனரின் ஒன்றரை டன் சரிதான்!

மைத்துனர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“இருங்க, இன்னும் முடியலை” என்றார் சிநேகிதர். “இது சூட்டை உள்ளே விட்டுட்டு அப்புறம் வெளியே தள்ளுற கணக்கு. விடாமலே இருந்தா?”

தளத்தின் மேல் தட்டோடு பதித்து, அதன்மேல் கோடைக்கு முன்பு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் 1,500 என்பது 500-க்கு இறங்கும். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு சாண் தள்ளித் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினால் 600 என்பது 250. அதே தட்டி ஜன்னலையும் மறைத்தால் 700 என்பது 150. வெயிலை ஜன்னலுக்கு வெளியே தடுக்க வேண்டுமாம். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் கேட்டபோது கோட்டையின் கல்யாண மகால் ஞாபகம் வந்தது. அடுக்கடுக்காக எழும் அந்த மாடங்களில் நடுவே சிறிய அறை, சுற்றிலும் வளைவு வைத்த தாழ்வாரம். அறைச் சுவரில் வெயில் நேரே படாது; காற்று மட்டும் போகலாம், வரலாம். கட்டியவர்களுக்கு வாட் கணக்குத் தெரிந்திராது; வெயில் தெரிந்திருக்கிறது.

இடுக்குகளை அடைத்து 300. மற்றச் சுவர்கள் 350. மின்விசிறியை மின்சாரம் குறைவாகத் தின்னும் புது வகையாக மாற்றி, ஆட்களோடு சேர்த்து எழுதப் போனபோது அம்மா குறுக்கிட்டார்.

“ரெண்டு பேர் இல்லப்பா. மூணு பேர்னு போட்டுக்க.”

நானும் சிநேகிதரும் நிமிர்ந்து பார்த்தோம்.

“அடுத்த வீட்டு அத்தையும் வந்து படுக்கட்டுமே. அவங்களுக்கு யார் இருக்கா?”

இந்த இடத்தில் பக்கத்து வீட்டு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்தைந்தைத் தாண்டியவர். எங்கள் மேற்குச் சுவருக்கும் அவருடைய தாழ்ந்த ஓட்டு வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. அந்தச் சந்தைப் பார்த்த தாழ்வாரத்தில்தான், பங்குனி முதல் ஆவணி வரைக்கும், கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவர் தூங்குவார். கடைக்காரர் அனுப்பிய பையன் முன்பே வந்து அளவு எடுத்தபோது, வெளிப்பெட்டியை மாட்டுவதற்கு அந்த மேற்குச் சுவரைத்தான் சுட்டிக் காட்டியிருந்தான். “இங்கதான் சார் குழாய் நீளம் கம்மி. செலவு மிச்சம்.”

இதைச் சிநேகிதரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“குளிர்னு ஒரு சரக்கு கிடையாதுங்க. இந்த மெஷின் குளிரை உண்டாக்குறதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை வாரி வெளியே கொட்டுது. ஏத்தம் மாதிரிதான். தண்ணி தானா மேட்டுக்கு ஏறாது. ஆள் மிதிச்சா ஏறும். சூடு தானா குளிர்ந்த இடத்துலேருந்து சூடான இடத்துக்குப் போகாது. கரண்டு மிதிச்சா போகும்.”

இதே ஏற்றத்தைத் திருப்பிப் போட்டால் வெளியிலிருக்கும் சூட்டை வாரி உள்ளே கொட்டும். 1852-லேயே கெல்வின் பிரபு இப்படிச் செய்யலாம் என்று எழுதினாராம். இன்றைக்கு நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் இதைக்கொண்டுதான் பனிக்காலத்தில் கதகதப்பாக இருக்கின்றன. ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டு மூன்று, நான்கு யூனிட் வெப்பத்தை இடம் மாற்றலாம் என்பது இதன் சாமர்த்தியம். நட்சத்திரச் சீட்டில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று போட்டிருக்கும் எண் இந்தச் சாமர்த்தியத்தைத்தான் குறிக்கிறது. எண் பெரிதானால் பில் சிறிதாகும்.

ஆனால் இடம் மாற்றிய வெப்பம் எங்கே போகிறது? அறையிலிருந்து வாரிய அத்தனையும், அதை வாருவதற்குத் தின்ற மின்சாரமும் சேர்ந்து, வெளிப்பெட்டியின் வாயால் வெளியே வருகிறது. எங்கள் விஷயத்தில், சந்தைத் தாண்டி, கயிற்றுக் கட்டிலின் மேல். அம்மா தூங்குவதற்காக ஆயாவின் தூக்கத்தை எடுத்துக்கொள்வது என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. கடைச் சீட்டில் அது ஒரு செலவாக எழுதப்பட்டிருக்காது. குழாயில் மிச்சம் என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

வடக்கே எங்கள் கொல்லை. கிணறும் கறிவேப்பிலை மரமும் மட்டும் இருக்கிற திறந்த வெளி, வெயிலும் குறைவு. வெளிப்பெட்டியை அங்கே வைக்கச் சொன்னேன். செப்புக் குழாய் பதினைந்து அடி கூட. பையன், “யாருமே இப்படி வைக்கிறதில்லை சார்” என்றான். நீளக் குழாய்க்குத் தகுந்தபடி வாயு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிச் சிநேகிதர் பக்கத்திலேயே நின்றார். பழைய மின்கம்பி தாங்காது என்று மீட்டரிலிருந்து தனிக் கம்பியும், நல்ல எர்த்தும், ராத்திரியில் இறங்குகிற வோல்டேஜுக்கு ஒரு ஸ்டெபிலைஸரும் போட்டோம்.

எத்தனை டன் என்று சொல்லவில்லையே? மூன்று பேரையும் மின்விசிறியையும் சேர்த்து 260 என்று எழுதிக் கூட்டினால், 1,810 வாட். அரை டன்னுக்குச் சற்று மேல். 0.8 டன்னில்கூட இயந்திரம் கிடைக்கிறது. ஆனால் சாயங்காலம் சுவரில் ஊறியிருக்கும் சூட்டை இறக்கவும், 42 டிகிரி நாளைத் தாங்கவும் கொஞ்சம் கையிருப்பு வேண்டுமென்று, ஒரு டன் இன்வர்ட்டர் வாங்கினோம். தட்டோட்டுக்கும் சுண்ணாம்புக்கும் கீற்றுக்கும் ஆன செலவு தனி. ஆனால் இரண்டு டன்னுக்கும் ஒரு டன்னுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் அதில் ஒரு பகுதி ஈடாயிற்று. மீதியை மாதா மாதம் மீட்டர் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. 2020 முதல் எல்லா ஏ.ஸி.யும் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி எரிசக்தித் திறன் பணியகம் விதி செய்திருக்கிறது. அம்மா அதையும் 27-க்கு ஏற்றி, மின்விசிறியைச் சுழலவிட்டு, போர்வை இல்லாமல் தூங்குகிறார். இரவுக்கு மூன்று யூனிட், மிஞ்சினால் நான்கு. ஐந்நூறு என்ற எல்லைக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

ஆயாவை அழைத்தோம். “எனக்கு ஏம்ப்பா அதெல்லாம்? தாவாரத்துக் காத்து போதும்” என்று முதல் நாள் சொல்லிவிட்டார். கத்திரியில், காற்றே அசையாத ஒரு ராத்திரி, தலையணையை இடுக்கிக்கொண்டு தானே வந்தார். அதற்குப் பிறகு அந்த மாதத்தில் ஏழெட்டு நாள் வந்திருப்பார். இரண்டு கிழவிகளும் விளக்கை அணைத்தபின் வெகு நேரம் பேசுவார்கள். பேச்சுக்கு எத்தனை வாட் என்று சிநேகிதர் கணக்கில் எழுதவில்லை. இயந்திரமும் அதைப் பெரிதாகப் பாராட்டியதாகத் தெரியவில்லை.

வீடு கட்டுகிறவர்களும் யந்திரம் வாங்குகிறவர்களும் என்னிடம் யோசனை கேட்க வருகிறதில்லை. கேட்டால் இரண்டு விஷயம் சொல்வேன். வாங்குமுன் மாலை நான்கு மணிக்கு மாடியில் ஏறி நில்லுங்கள். பிறகு, வெளிப்பெட்டியின் முகம் திரும்பப்போகிற திசையில் யார் படுத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள்.